மைனா அத்தை பார்க்கிறாள்

ஜூலை 3

தங்கச்சிக்கு,

போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன். போனை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாயே, முதலில் அதற்குப் பதில்: இல்லை, உன் பிள்ளையை நான் எடுத்துக்கொள்ளப் பார்க்கவில்லை. உன் விடுதியில் குழந்தைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று நீயாகத்தான் கொண்டுவந்து விட்டாய். ஒரு வருடம் என்றாய், வருடம் ஓடிவிட்டது. அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பையும் இங்கேயே படிக்கட்டுமே என்று நான் சொன்னது ஒரு யோசனை. அதைத் திருட்டு என்று நீ எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

உன் மகள் நண்டு நன்றாக இருக்கிறாள். தூங்கும்போது இன்னும் என் மேல்தான் காலைப் போட்டுக்கொள்கிறாள். போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு கொஞ்சம் இளைத்தாள், இப்போது தேறிவிட்டாள்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். எங்கள் பாலர் வகுப்புக்கு டிவி வந்துவிட்டது. சக்கரம் வைத்த ஸ்டாண்டில் உருட்டிக்கொண்டு வருகிறார்கள். இடைவேளை முடிந்ததும் இருபது நிமிடம் எல்லாச் சின்னப் பிள்ளைகளும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எந்த நிகழ்ச்சி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூட நேரத்தில், என் வகுப்பில், என் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மைனா அத்தையாக நீ வந்து நிற்கிறாய். நான் பின்சுவரில் சாய்ந்து, யாருக்கு ஒன்றுக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கரடியாகக் கத்தினாலும் வாய் திறக்காத பிள்ளைகள் உன்னிடம் கத்திக் கத்திப் பதில் சொல்கின்றன. "உங்க மூக்கு எங்கே?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துகிறாய். பேக்கரிக்காரர் மகள் காதைத் தொட்டுக் காட்டுகிறாள். நீ உடனே, "சபாஷ், எல்லாரும் சரியா காட்டிட்டீங்க" என்கிறாய். அவள் உச்சி குளிர்ந்து போகிறாள். அதற்கப்புறம் அது மூக்கில்லை, காது என்று நான் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். மைனா அத்தையே சரி என்று சொன்ன பிறகு நான் யார்?

உன் மகள் மட்டும் மூக்கைக் காட்டுவதில்லை. நீ வந்ததும் என் மடியிலிருந்து இறங்கி, திரைக்குப் பக்கத்தில் போய், நீ நிறுத்துகிற இடங்களில் எல்லாம் எதையோ கிசுகிசுக்கிறாள். என்னடி சொன்னே என்று கேட்டால், "அது அம்மாகிட்ட சொன்னது" என்கிறாள். அவளைப் பெறவில்லையே தவிர மற்ற எல்லாம் நான்தான் செய்கிறேன். என்னிடம் சொல்லக்கூடாத விஷயம் ஒரு பெட்டியிடம் சொல்லலாமாம்.

இப்படிக்கு,
நீ போனை வைத்தபோது மறுமுனையில் இருந்தவள்


ஜூலை 9

அக்கா,

உன் கடிதத்தை மேக்கப் அறையிலேயே படித்தேன், போட்ட மையெல்லாம் வழிந்து மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதாகிவிட்டது, மேக்கப் போடுகிற அம்மா என்னைத் திட்டினாள். காலைப் போட்டுத் தூங்குகிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுத வேண்டும் என்று என்ன அவசியம்? எனக்குத் தெரியாதா அவள் எப்படித் தூங்குவாள் என்று? குத்திக் காட்டுவதற்கென்றே எழுதுகிறாய். காய்ச்சல் வந்ததை வந்தபோது சொல்லவில்லை, போன பிறகு சொல்கிறாய்.

என் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டாய் என்கிறாய். இங்கே வந்து பார் அக்கா. ஒரு குழந்தைகூட இல்லை. அட்டையில் வெட்டின மரம், அட்டையில் வெட்டின வீடு, எதிரில் கேமராக்காரர். அவர் கொட்டாவி விடுவார். நான் "உங்க மூக்கு எங்கே?" என்று லென்ஸைப் பார்த்துக் கேட்பேன். பக்கத்தில் ஒருத்தி விரலை மடக்கி மடக்கி எண்ணுவாள், அவள் முடித்ததும் நான் "சபாஷ்" என்பேன். இத்தனை மாதமாக ஒரு பதிலாவது என் காதில் விழுந்திருக்கிறதா? பதிலெல்லாம் உனக்கு. காதைக் காட்டுகிற பிள்ளைகூட உனக்குத்தான். நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாய் என்றால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நண்டு என்ன சொல்கிறாள் என்று எப்படியாவது கேட்டு எழுது. காலில் விழுகிறேன்.

இன்னொன்று. டைரக்டரிடம் நச்சரித்து அனுமதி வாங்கிவிட்டேன். இருபத்து மூன்றாம் தேதி வரப்போகிற நிகழ்ச்சியில் நடுவில் ஒரு இடத்தில் நின்று, "நீலக் கவுன் போட்ட பாப்பா, உன்னைத்தான் பாக்கறேன்" என்று சொல்லியிருக்கிறேன். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அன்றைக்கு அவளுக்கு நீலக் கவுனைப் போட்டு விடு. நான் அவளைப் பார்ப்பதாக அவள் ஒரு நாளாவது நினைக்கட்டும். உன்னிடம் தினமும் இருக்கிறாள், எனக்கு அந்த ஒரு நிமிடத்தைக் கொடு.

உன் தங்கச்சி


ஜூலை 25

தங்கச்சிக்கு,

போட்டேன். இஸ்திரி போட்டு, பொத்தான் தைத்து, போட்டு விட்டேன். நீ அந்த வரியைச் சொன்னதும் வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து நின்று கவுனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பற்றி எழுத மாட்டேன். எனக்குக் கிடைத்ததில் அதையாவது நான் வைத்துக்கொள்கிறேன்.

நீ ஆசைப்பட்டது நடந்துவிட்டது. மைனா அத்தை பார்க்கிறாள் என்று அவள் நம்பிவிட்டாள். அதோடு போயிற்றா? வகுப்பில் டிவி ஓடும்போது என் மடிக்கு வருவதே இல்லை. வீட்டிலும் கூடத்தில் டிவி அணைந்துதான் கிடக்கிறது, ஆனாலும் அது இருக்கிற அறையில் என் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள். சமையலறைக்குள் வந்தவுடன் தானாக மடியில் ஏறிக்கொள்கிறாள். கூடத்தில் நான் தொட்டால் கையைத் தட்டி விடுகிறாள். சொந்த வீட்டில் ஒளிந்து ஒளிந்து கொஞ்ச வேண்டிய கதியாகிவிட்டது எனக்கு. இருபது நிமிடம் வந்து பல்லைக் காட்டுகிறவளுக்கு அந்த முகம். காய்ச்சலுக்கு, வாந்திக்கு, பேன் பார்க்க, பாதித் தூக்கத்தில் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போக நான். வாய்விட்டே சொல்கிறேன், எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு கூத்து. நீ எல்லாரையும் "செல்லங்களே" என்று கூப்பிட்டாயாம். அதற்காக உன் மகள் பேக்கரிக்காரர் மகளைக் கிள்ளி வைத்திருக்கிறாள். அது என் அம்மா, என்னை மட்டும்தான் செல்லம் என்பாள் என்று இவள் சொல்ல, அவள் நம்பவில்லையாம். இந்த விஷயத்தில் நம் குடும்பத்து ரத்தம் அப்படியே ஓடுகிறது.

பெரிய டீச்சரிடம் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பில் டிவி வேண்டாம் என்று சொன்னேன். கண் கெடும், பேச்சு வளராது, தப்புக்கும் சபாஷ் கிடைக்கிறது, வாயில் ஈ போனால்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லாம் சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் அதைச் சொல்லப் போன காரணம் மட்டும் வேறு. அவர், இருபது நிமிடம் சத்தமில்லாமல் இருக்கிறது டீச்சர், அது பொறுக்கவில்லையா உங்களுக்கு என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

அவள் என்ன கிசுகிசுக்கிறாள் என்று இன்னும் கேட்க முடியவில்லை. நான் பக்கத்தில் போனால் வாயை மூடிக்கொள்கிறாள்.

அக்கா


ஆகஸ்ட் 1

அக்கா,

என் பிழைப்பில் மண்ணைப் போடப் போயிருக்கிறாய். ஒவ்வொரு பள்ளிக்கூடமாக வேண்டாம் என்று சொன்னால் நிகழ்ச்சி எங்கே நிற்கும், நான் எங்கே நிற்பேன்? இந்த வேலை நிரந்தரமானால்தான் தனி வீடு பார்க்க முடியும், தனி வீடு பார்த்தால்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வர முடியும். இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் போனாயோ என்று கேட்க வாய் வருகிறது, கேட்கவில்லை. ஆனால் எழுதிவிட்டேன் பார்.

உன் மடிக்கு வருவதில்லை என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இரண்டு தடவை படித்தேன் அந்த இடத்தை. என் பிள்ளை என்னை மறக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி நிகழ்ச்சியில், "ரெண்டு சடையில சிவப்பு ரிப்பன் கட்டின பாப்பா, எனக்கு ஒரு பாட்டுப் பாடு" என்று சொல்லியிருக்கிறேன். பாடுவதற்கு நிறைய நேரம் விடச் சொல்லி, அந்த எண்ணுகிற பெண்ணைக் கெஞ்சினேன். சும்மா லென்ஸைப் பார்த்து அத்தனை நேரம் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அவள் எந்தப் பாட்டைப் பாடுவாள் என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது என்ன பாட்டுத் தெரியும் அவளுக்கு? நீதானே சொல்லிக் கொடுக்கிறாய்.

சிவப்பு ரிப்பன். மறக்காதே.

தங்கச்சி


ஆகஸ்ட் 13

தங்கச்சிக்கு,

நான் சிவப்பு ரிப்பன் கட்டவில்லை. மறந்து போய் அல்ல. ரிப்பன் என் கையில் இருந்தது, அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பச்சையைக் கட்டினேன். மடிக்கு வராதது உனக்குச் சந்தோஷம் என்று எழுதினாயே, அந்த வரியை நினைத்துக்கொண்டேதான் கட்டினேன். நீ கெட்டவள் என்றால் நான் அதற்கும் மேலே.

நீ கேட்ட இடம் வந்ததும் பேக்கரிக்காரர் மகள் எழுந்தாள். அவளுக்கு இரண்டு சடை, சிவப்பு ரிப்பன். முழுப் பாட்டையும் பாடினாள். நீ அவளைப் பார்த்துத் தலையாட்டித் தலையாட்டி ரசித்தாய். "என் தங்கமே, எவ்வளவு அழகா பாடினே" என்றாய். நண்டு தன் சடையை முன்னால் இழுத்து ரிப்பனைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருப்பேன், அதற்குத்தான் காத்துக்கொண்டு நின்றேன் என்றுகூட வைத்துக்கொள்.

அவள் அழவில்லை. நேராகத் திரைக்குப் போனாள். இந்தத் தடவை கிசுகிசுக்கவில்லை, வகுப்புக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான் பெரியம்மா மடியில உக்காரவே இல்லம்மா. தரையிலதான் உக்காந்திருக்கேன், பாரு. ரிப்பன் நாளைக்குக் கட்டிக்கறேன். நீ அழாதே."

இதைத்தான் இத்தனை நாளாக உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். சாயங்காலம் சமையலறையில் வைத்துக் கேட்டேன். தினமும் இதைத்தான் சொன்னேன் என்றாள். மடியில உக்காந்தா அம்மா அழுவாங்க பெரியம்மா, உனக்குத் தெரியாதா என்று என்னையே கேட்டாள்.

அவள் உன்னிடம் ரகசியம் பேசுகிறாள் என்று நான் வெந்துகொண்டிருந்தேன். அவள் என்னை விட்டு விலகினாள் என்று நீ குளிர்ந்துகொண்டிருந்தாய். அந்தப் பிள்ளை நம் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கிறது. அவளை என்னிடம் விட்ட அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நீ அழுதுகொண்டு போனதைப் பார்த்ததால் வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் மடி என்று எப்படிச் சொல்கிறாள்? அது எனக்குப் புரியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்கா,

அது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அவள் உன் மடியை விட்டு என்னிடம் வரமாட்டேன் என்றாள். பஸ் கிளம்பப் போகிறது, நீ தண்ணீர் வாங்கப் போனாய். நான் அவள் காதில், "நீ பெரியம்மா மடியில உக்காந்தா அம்மா அங்க அழுதுகிட்டே இருப்பேன்" என்று சொன்னேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் மனதில் பதிய வேண்டும் என்றுதான் சொன்னேன். நான் சொன்னதில் அவள் ஒன்றே ஒன்றைக் கேட்டாள் என்றால் இதைத்தான் கேட்டிருக்கிறாள். நீ பச்சை ரிப்பன் கட்டியதற்கு உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். போனில் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், போனில் என்னால் அவளைப் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். டிவியில் சொன்னால்தான் நம்புவாள். அதனால் நேற்று ரெக்கார்டிங்கில் கேட்டு வாங்கி ஒரு விளையாட்டு சேர்த்தேன். "இப்போ எல்லாரும் ஓடிப்போய் உங்க டீச்சர் மடியில உக்காருங்க. பெரியம்மா டீச்சரா இருந்தா பெரியம்மா மடியில உக்காருங்க. எனக்கு ரொம்பச் சந்தோஷம்." இதுதான் வசனம். பெரியம்மா டீச்சர் என்றால் என்ன என்று டைரக்டருக்குப் புரியவில்லை. எல்லாப் பிள்ளையும் டீச்சர் மடிக்குப் போனா நம்மளை யாரும்மா பாக்கறது என்று கேட்டார். அந்த ஒரு நிமிடம் யாரும் பார்க்க வேண்டாம் என்றேன்.

சந்தோஷம் என்கிற இடத்தில் சிரிக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். கேமராக்காரர் கொட்டாவியை நிறுத்திவிட்டு என்னம்மா ஆச்சு உங்களுக்கு என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. என் மகளை இன்னொருத்தி மடியில் உட்காரச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்றால், எனக்குப் பொறாமை தலைக்கு மேலே நிற்கிறது அக்கா, அது ஒரே நாளில் இறங்காது. கடைசியில் ஒரு வழியாக நன்றாக வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நீ பார்த்தாலும் நம்பிவிடுவாய்.

செப்டம்பர் மூன்று. அன்றைக்கு எந்தக் கவுனும் ரிப்பனும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுது.

தங்கச்சி


செப்டம்பர் 3

தங்கச்சிக்கு,

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வகுப்பிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். முதுகு வலி உயிர் போகிறது. நீ சொன்னதுதான் தாமதம், வகுப்பே என்மேல் விழுந்தது. நாற்காலி சாய்ந்தது, நான் தரையில், பேக்கரிக்காரர் மகள் என் கழுத்தில். இந்த வருடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்காத ஒன்று என் காதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நண்டு திரைக்குப் பக்கத்திலேயே நின்றாள். பெரியம்மா டீச்சர் என்று நீ சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளை விலக்கி நான் இடம் பண்ணினேன். மெதுவாக நடந்து வந்து, என் மடியில் உட்கார்ந்தாள். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது, வெளிச்சத்தில், எல்லார் முன்னாலும். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ திரையில் சிரித்துக்கொண்டிருந்தாய். நல்ல சிரிப்பு. நான் நம்பினேன்.

"பாத்தியா, அம்மா அழலை. சிரிக்கறாங்க" என்றேன்.

அவள் உன்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இல்ல பெரியம்மா. அம்மா சிரிச்சா கண்ணு ரெண்டும் மூடிக்கும். இது மைனா அத்தை சிரிக்கறது. அம்மா உள்ள அழுதுகிட்டு இருக்காங்க."

சொல்லிவிட்டு என் மடியிலிருந்து இறங்கிப் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

உன்னை நீ பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். நீ சிரித்தால் கண் மூடும் என்பது எனக்குத் தெரியாது, அல்லது என்றைக்கோ மறந்துவிட்டேன். ஒரு வருடமாக உன்னோடு இல்லாத பிள்ளைக்குத் தெரிகிறது. அவளை என்ன வளர்த்தாலும் அது எனக்குக் கிடைக்காது. இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது, பார்த்துக்கொள்.

ஒன்றாம் வகுப்பைப் பற்றி இப்போது பேச வேண்டாம். முதலில் லீவு போட்டுவிட்டு வா. அவள் என் மடியில் இருக்கும்போது நீ எங்கள் பக்கத்தில் வந்து உட்கார். சிரிப்பு வரவில்லை என்றால் சிரிக்காதே, அவள் கண்டுபிடித்துவிடுவாள். அழுகை வந்தால் அழு. அழுதுவிட்டும் எழுந்து போகாமல் அங்கேயே இரு, அது போதும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நாங்கள் இரண்டு பேரும் வந்து நிற்போம்.

அக்கா